பெட்டி பிரிக்காத சப்பாத்து ஏன் உதிர்கிறது?

2020 மார்ச் 18-ஆம் தேதி எம்.சி.ஓ. என்ற கொரோனா காலத்து நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு கோலாலம்பூரில் யார் யார் என்னென்ன வாங்கிக் குவித்தார்கள் என்று யாராவது கணக்கு எடுத்தால் நல்ல தமாஷாக இருக்கும். தினமும் ஓடப் போகிறோம் என்று ஒரு ஜோடி சப்பாத்து, யோகா பாய், ரொட்டி சுடும் இயந்திரம், மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று டார்ச் லைட், பெட்டி பெட்டியாகக் கையுறை. அதற்கு முன்பே தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய கைப்பை, யார் கல்யாணத்துக்கோ எடுத்துக் கட்டாமலே போன பட்டுச்சேலை எல்லாம் வீட்டில் வேறு கிடக்கும். கேட்டால் "அப்படியே புதுசா இருக்கு, ஒரு தடவைகூடத் தொடல" என்போம். தொடவில்லை என்பது நமக்குத்தான் கணக்கு. காற்றும் ஈரமும் முதல் நாளிலிருந்தே தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

சப்பாத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவது அதுதான். பல வருஷம் பெட்டியில் இருந்ததை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போவார்கள். மேல் தோல் பளபளவென்று இருக்கும், விலை அட்டைகூடக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். கார் நிறுத்திய இடத்திலிருந்து மண்டப வாசல் வரைக்கும் கறுப்புக் கறுப்பாகத் துகள், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது குதிகால் ஒரு பக்கமாகச் சாயும், திரும்பி வருவதற்குள் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்றுவிடும். அந்தத் துண்டைக் கையில் எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், காய்ந்துபோன கேக் மாதிரி பொடியாகும். சப்பாத்து தைக்கிறவரிடம் கொண்டுபோனால் அவர் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார், பசை பிடிப்பதற்கு உறுதியான இடம் என்று ஒன்று மிச்சம் இருந்தால்தானே ஒட்ட முடியும்.

உடனே மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவோம். அது எப்போதும் நியாயமில்லை. விலை உயர்ந்த மலையேற்ற பூட்ஸுக்கும் இதே கதிதான், அவற்றைச் செய்கிறவர்களே அடிப்பாகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு என்றுதான் ஆயுள் சொல்வார்கள், போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

விஷயம் அந்த நுரை அடிப்பாகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது பாலியூரித்தேன், சுருக்கமாக பியூ. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவும் கண்டுபிடித்த பிளாஸ்டிக் வகை. எடை குறைவு, மெத்தென்று இருக்கும், தேய்மானமும் குறைவு, அதனால் சப்பாத்துக்கு அதைவிட வசதியான பொருள் கிடைப்பது கஷ்டம். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிப் பிணைந்த பொருள் இது. அந்தச் சங்கிலியின் ஒரு பகுதியைச் செய்வதற்கு இரண்டு வழி உண்டு: பாலியெஸ்டர் அல்லது பாலியீத்தர். தேய்மானத்தைத் தாங்குவதில் பாலியெஸ்டர் வகை கெட்டி என்பதால் சப்பாத்துகளில் அதைத்தான் அதிகம் போடுகிறார்கள். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

பாலியெஸ்டர் செய்யும்போது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோக்கும், கோக்கிற இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியே போகும். இப்படி உண்டாகும் முடிச்சுக்குப் பெயர் எஸ்டர் பிணைப்பு. தண்ணீரை வெளியே தள்ளி உருவான முடிச்சுக்குள் தண்ணீர் திரும்ப நுழைந்தால் என்ன ஆகும்? வினை பின்னோக்கி நடக்கும். முடிச்சு அவிழ்ந்து பழையபடி அமிலம் ஒரு பக்கம், ஆல்கஹால் ஒரு பக்கம். நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், அதேதான். காற்றில் இருக்கும் நீராவி நுரையின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டே வருகிறது.

இதில் இன்னொரு குறும்பு இருக்கிறது. அவிழ்ந்த இடத்தில் மிஞ்சுகிற அமிலம் சும்மா இருப்பதில்லை, பக்கத்து முடிச்சுகள் அவிழ்வதையும் அதுவே வேகப்படுத்துகிறது. ஒன்று அவிழ்ந்தால் அடுத்தது இன்னும் சுலபம். அதனால்தான் முதல் சில வருஷம் தொட்டுப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, அப்புறம் ஒரு கட்டத்தில் கிடுகிடுவென்று மொத்தமும் போய்விடுகிறது. போன தீபாவளிக்கு நன்றாகத்தானே இருந்தது என்று ஆச்சரியப்படுவதற்கு இதுதான் காரணம்.

தினமும் போட்டு நடந்திருந்தால் இந்த வினை நின்றிருக்குமா? நிற்காது. ஆனால் அதற்குள் அடிப்பாகம் தேய்ந்து நாமே தூக்கிப் போட்டிருப்போம், உதிர்வதைப் பார்க்க வாய்ப்பே கிடைத்திருக்காது. பத்திரப்படுத்துகிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சராசரி ஈரப்பதம் சுமார் 80 விழுக்காடு, சராசரி வெப்பம் 27, 28 டிகிரி. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட 21 கிராம் தண்ணீர் இருக்கிறது. 20 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு குளிர்நாட்டு அறையில் அது 9 கிராமுக்கும் குறைவு. தாமான் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஸ்டோர் ரூம், சுமார் 15 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் காற்றில் மட்டும் 300 கிராமுக்கு மேல் தண்ணீர் மிதக்கிறது. ஒரு கிளாஸ் நிறைய. இது ஒரு தடவை நிரப்பி வைத்ததும் இல்லை, கதவிடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கும், தீரவே தீராது. இதோடு 10 டிகிரி வெப்பம் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு தோராய விதி உண்டு. ஆக, இதே சப்பாத்து குளிர்நாட்டில் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை நம் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். அந்த மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம், அவற்றின் உட்பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்ளும், நல்ல சரக்குதான். ஆனால் 5 கிராம் பொட்டலம் மிஞ்சிப்போனால் 2 கிராம் தண்ணீரைப் பிடிக்கும். 300 கிராமுக்கு எதிரே 2 கிராம். தொழிற்சாலையிலிருந்து கப்பலில் வருகிற வரைக்கும் காப்பாற்றத்தான் அதைப் போடுகிறார்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையானால் நிறத்தைப் பார்த்தே நிறைந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். நிறைந்த பொட்டலத்தை வருஷக்கணக்காக உள்ளேயே வைத்திருப்பது வெறும் மனத்திருப்திக்கு.

கைப்பை, சோபா, பெல்ட் எல்லாவற்றிலும் பியூ லெதர் தோல் தோலாக உரிந்து உடம்பில் ஒட்டுகிறதே, அதிலும் பெரும்பாலும் இதே வினைதான். பழைய ரேடியோ, மவுஸ், குடைக் கைப்பிடி போன்றவற்றின் மேல் பூசிய வழவழப்பான கறுப்புப் பூச்சு பிசுபிசுவென்று ஆவதும் இதற்குச் சொந்தக்காரன்தான்.

அப்புறம் பேட்டரி. எம்.சி.ஓ. காலத்து டார்ச் லைட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே பேட்டரியின் ஒரு முனையில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஏதோ படர்ந்து, சுருள்கம்பி பச்சை பிடித்து, பேட்டரியை இழுத்தால் குழாயோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். பேட்டரி தீர்ந்துபோனதால் இப்படி ஆனது என்று நினைப்போம், பாதிதான் உண்மை.

அல்கலைன் பேட்டரிக்குள் துத்தநாகத் தூள், மாங்கனீஸ் டை ஆக்சைடு, நடுவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடும் காரக் கரைசல். நாம் சுவிட்சைப் போட்டால்தான் மின்சாரம் ஓடும், ஆனால் துத்தநாகம் நம் சுவிட்சுக்குக் காத்திருப்பதில்லை, கரைசலில் உள்ள தண்ணீரோடு அது பாட்டுக்கு மெல்ல மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் இதை அடக்குவதற்குப் பாதரசம் சேர்த்தார்கள், நஞ்சு என்பதால் 1990-களில் அதை நிறுத்தி வேறு வழிகளுக்கு மாறினார்கள். வாயு சேரச் சேர உள்ளே அழுத்தம் ஏறும். வெடிக்காமல் இருக்க, அடைப்பில் வேண்டுமென்றே ஓர் இடத்தை மெல்லிசாக வைத்திருப்பார்கள், அழுத்தம் அளவு மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விடும், கூடவே காரமும் கசியும். கசிந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்தால் பொட்டாசியம் கார்பனேட். அந்த வெள்ளைப் பூப்பு அதுதான். காரம் என்பதால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்தால் நுரைத்துக்கொண்டு போகும், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகும் அது தோலை அரிக்கும்.

பேட்டரியைக் கருவிக்குள்ளேயே விட்டு வைப்பது இன்னும் மோசம். இரண்டு மூன்றைத் தொடராகப் போட்டிருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் தீராது, முதலில் தீர்ந்ததை மற்றவை தலைகீழாக இயக்கப் பார்க்கும், அதற்குள்ளே வாயு இன்னும் வேகமாகச் சேரும். "10 ஆண்டு தாங்கும்" என்று அட்டையில் அச்சடித்திருப்பது பொட்டலத்தில் தூங்குகிற பேட்டரிக்கு.

பவர் பேங்க் கதை வேறு. லித்தியம் அயன் பேட்டரி தானாகவும் கொஞ்சம் இறங்கும், உள்ளே இருக்கிற சின்னச் சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். முழுதாக ஏற்றி வெப்பத்தில் வைத்தாலும் அதற்கு ஆகாது. பாதி சார்ஜில் வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை பார்த்து ஏற்றினால் போதும். உப்பியிருந்தால் சார்ஜ் செய்து பார்க்கிற ஆசையே வேண்டாம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லெபு பாசாரிலோ எடுத்த பட்டுச்சேலைக்கு வருவோம். அசல் ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பி, மேலே மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சு மெல்லியது என்பதால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உள்ளே இருக்கும் வெள்ளியை எட்டிவிடும், வெள்ளி சல்பைடு உண்டாகும், ஜரிகை கறுக்கும். ஈரம் இதையும் விரைவுபடுத்தும். கடைப் பிளாஸ்டிக் உறையிலேயே விட்டால் ஈரம் உள்ளே சிக்கிப் பூஞ்சைப் புள்ளி வேறு. 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தாலே பூஞ்சைக்குப் போதும், நம் ஊரில் அதற்கு மழைகூட வேண்டியதில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றி வைக்கச் சொல்லும் நம் அம்மாமார்களின் வழக்கத்தில் பிசகே இல்லை, ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அங்கேயே முறியும். கேமரா லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படர்வதும் பூஞ்சைதான், இங்கே படம் எடுக்கிறவர்கள் 40, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினட்டுக்குப் பணம் செலவழிப்பது வீண் ஆடம்பரம் கிடையாது.

கடைசியாக ரப்பர். கித்தாத் தோட்டத்துத் தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, ஷீட்டைப் புகை போட்டுக் காய வைத்ததே பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான். இயற்கை ரப்பரின் சங்கிலியில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஆக்சிஜனும் ஓசோனும் நேராக அங்கேதான் கை வைக்கும். 2020-இல் வாங்கிய லேட்டக்ஸ் கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிவதற்குக் காரணம் இந்த ஆக்சிஜனேற்றம். டயரில் இதைத் தடுக்க மெழுகும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருளும் கலந்திருப்பார்கள். ஓடும்போது டயர் நெளிந்து நிமிர்வதால் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும், ஓடாத டயரில் அந்த வரத்து குறைந்துபோகும். ஓட்டினால்தான் மேல்பூச்சு புதுப்பிக்கப்படும் என்கிற விசித்திரமான பொருள் அது. கார் பூட்டில் ஒரு தடவைகூட ரோட்டைப் பார்க்காமல் படுத்திருக்கிற ஸ்பேர் டயரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

சப்பாத்திலும் பல நிறுவனங்கள் தயாரிப்பு மாதத்தை உள்நாக்கில் தைத்த சின்னச் சீட்டில் அச்சிடுகின்றன. வருஷக் கடைசி மலிவு விற்பனையில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஜோடி கிடங்கில் எத்தனை வருஷம் கிடந்ததோ, நீராற்பகுப்பு நம் ரசீது தேதியிலிருந்தா ஆரம்பிக்கும்? சீட்டு இல்லையென்றால் கடையிலேயே அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். குழி விழுந்து திரும்ப எழும்பாவிட்டால், மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.