பச்சை விளக்கு எரிகிறது, கொட்டலசும் வளர்கிறது

கப்பலின் குளிர்விப்பானில் சூடு ஏறுகிறதே என்று, கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெயினரைத் திறந்தோம். கூடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அடியில் அள்ள அள்ளக் குறையாத மட்டி. வலைக்கண் முழுக்கக் கொட்டலசு என்ற, ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிரி. பக்கத்துச் சுவரில், இப்படி உயிரிகள் ஒட்டி வளர்வதை மின்சாரத்தால் தடுக்கும் எம்.ஜி.பி.எஸ். கருவிப் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

கப்பலுக்குப் புதிதாக வருபவர்களில் பலர், மின்சாரம் 'ஷாக்' அடித்து உயிரிகளை விரட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடல்நீர் உள்ளே வரும் சீ செஸ்ட் என்ற அறையில் செம்பு ஆனோடு, அதாவது நேர்மின்முனை, இருக்கும். அதில் நேர்மின்னோட்டம் பாயும்போது செம்பு அயனியாகக் கரைந்து நீரோடு குழாய்களுக்குள் போகிறது. அந்த நீரில் ஒட்ட இடம் தேடி வரும் லார்வா என்ற இளம் உயிரி ஒட்டாமலே போய்விடும். வேண்டிய அளவோ மிகச் சொற்பம்: லிட்டருக்குச் சுமார் 2 மைக்ரோகிராம்.

கணக்கு எளிது. 1 ஆம்பியர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.2 கிராம் செம்பைக் கரைக்கும். அது சுமார் 600 கன மீட்டர் நீருக்குப் போதும். ஆண்டு முழுக்க ஓடினால் 10 கிலோவுக்குச் சற்று மேல் கரையும். ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டியது விளக்கை அல்ல, ஆம்பியரை. அதையும் அப்போது ஓடும் பம்புகளின் நீரளவோடு சேர்த்து. எங்கள் கப்பலில் அடுத்து உலர்துறையில் பழுதுபார்க்கும் வரை ஆனோடு தாங்கட்டும் என்று யாரோ மின்னோட்டக் குமிழைக் குறைத்து வைத்திருந்தார்கள். மின்சாரம் இருந்தது, விளக்கும் எரிந்தது, செம்புதான் போதவில்லை.

செம்பு கரைந்தால்தான் வேலை நடக்கும் என்பது 1824-லேயே வெளிப்பட்ட விஷயம். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடு அரிக்கிறதே என்று வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அதோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். அரிப்பு நின்றது. கூடவே செம்பு கரைவதும் நின்றதால், பாசியும் கொட்டலசும் தகட்டை மொய்த்துவிட்டன! நமக்கும் இதே எச்சரிக்கைதான், இன்னும் கடுமையாக: ஆனோடுக்கும் கப்பலின் உடலுக்கும் போகும் வயர்களை மாற்றி மாட்டினால் செம்பு அப்படியே இருக்கும், கப்பலின் எஃகு கரையும்.

கடல்நீரையே மின்னாற்பகுத்து, உயிரிகளைக் கொல்லும் குளோரின் சேர்மமான ஹைப்போகுளோரைட் உண்டாக்கும் முறையும் உண்டு. கரையோர மின்நிலையங்களில் அதுதான் அதிகம். ஆற்றுமுகத்தில் உப்பு குறைந்தால் குளோரினும் குறையும். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் கிளம்பும். அது வெளியேறும் வழி அடைபட்டால் வெடி அபாயம். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

துறைமுகத்தில் நிற்கும்போது பெட்டியை அணைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். லார்வாவுக்கு வசதியே தேங்கிய, வெதுவெதுப்பான நீர்தான்.

அன்று குமிழை உரிய அளவுக்கு ஏற்றினோம். அதன்பின் புதிதாக ஒட்டுவது குறைந்தது. ஏற்கெனவே குழாய்க்குள் சிமென்ட் போல இறுகியிருந்த ஓடுகளை எந்த ஆம்பியரும் அசைக்கவில்லை. மூன்று நாள் சுரண்டினோம்.