“வயது போட்டுது, இனி என்ன மருந்து?”: பராமரிப்பு இல்லத்தில் எலும்பு முறிவைத் தடுப்பது பற்றி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு, புதிதாகச் சேர்க்கப்படும் தமிழ் முதியவர்களின் பிள்ளைகளிடமிருந்து முதலில் கிடைக்கும் வேண்டுகோள் அநேகமாக இதுதான்: “அம்மாவை எழும்ப விடாதேங்கோ, விழுந்திடுவா.” அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இடுப்பெலும்பு முறிந்த 60,000க்கும் மேற்பட்ட பராமரிப்பு இல்லவாசிகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வொன்றில், முறிவு நேர்ந்து 180 நாட்களுக்குள் அவர்களில் 36 வீதமானோர் இறந்திருந்தார்கள். ஆனால் அதே பிள்ளைகளிடம், அம்மாவின் எலும்பைப் பலப்படுத்த மருந்து ஏதும் கொடுக்கப்படுகிறதா என்று நான் திருப்பிக் கேட்டால், “எண்பத்தாறு வயது போட்டுது, இனி என்ன மருந்து?” என்பார்கள். எழும்ப விடாமல் இருத்தி வைப்பதும், மருந்து வேண்டாம் என்று கைவிடுவதும் ஒன்று சேரும்போது, தசையும் எலும்பும் ஒருங்கே தேய்ந்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும் ஒரு கணத்திலேயே முறிவு நேரும் நிலைக்கு அந்த முதியவர் வந்துவிடுகிறார்.

அந்த எண்பத்தாறு வயது அம்மாவைப் பற்றியே சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகள் போகிற போக்கில் சொன்ன ஒரு விடயம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஊரிலிருந்து வந்த புதிதில் கணுக்கால் தெரிய நின்ற ஹவுஸ்கோட் இப்போது நிலத்தில் இழுபடுகிறதாம். கரையை மடித்துத் தைக்க வேண்டும் என்றார். துணி நீளாது, ஆள்தான் குறுகியிருக்க வேண்டும். சுவரோடு நிறுத்தி அளந்தபோது, குடும்ப வைத்தியரின் பழைய பதிவில் இருந்த உயரத்தைவிட 7 சென்ரிமீற்றர் குறைவாக இருந்தார். விலாவின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் இடையில் என்னுடைய இரண்டு விரல்கள்கூடச் சரியாக நுழையவில்லை. இளமையில் இருந்த உயரத்தில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருப்பதும், அந்த இடைவெளி இரண்டு விரலளவுக்கு ஒடுங்கியிருப்பதும், முள்ளந்தண்டில் நசுங்கல் முறிவு இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள். எக்ஸ்ரேயில் அத்தகைய பழைய முறிவுகள் இரண்டு தெரிந்தன. அவர் விழுந்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. முதுகு உளைகிறது என்று அவர் சொல்லிவந்ததையும், கூன் விழுந்ததையும் எல்லோரும் வயதின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்கள். முள்ளெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், முறிவு என்ற பெயரே பெறாமல் மறைந்துபோகின்றன.

அந்தப் பெயரைப் பெறுவது முக்கியம். கனடாவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே எழுதப்பட்ட முறிவுத் தடுப்புப் பரிந்துரைகள் 2015இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. முன்பு இடுப்பெலும்போ முள்ளெலும்போ முறிந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் கண்டவர்கள், ஒரு முறிவோடு அண்மையில் ஸ்டீரொயிட் மருந்தும் எடுத்தவர்கள் ஆகியோரை அவை உயர் ஆபத்துள்ளவர்களாகக் கொள்கின்றன. தள்ளாத ஒருவரை எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கானுக்காக அங்குமிங்கும் அலைக்கழிக்காமல், முறிவு வரலாற்றைக் கொண்டே இதைத் தீர்மானித்துவிடலாம். ஆனால் அந்த வரலாறு இல்லத்தின் கோப்பில் இருக்க வேண்டுமே! இருபது ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலோ சென்னையிலோ மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லாவிட்டால் அது எந்தப் பதிவிலும் ஏறாது.

உயர் ஆபத்துள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கலாமா என்பதை வயதைக் கொண்டு முடிவு செய்வதில்லை. மருந்து பலன் தரும் வரை, அதாவது ஓராண்டுக்கு மேலாவது அவர் வாழ்வார் என்று எதிர்பார்க்க முடியுமா என்பதைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேற், ரிசெட்ரோனேற் மாத்திரைகள் முதல் தெரிவுகள். ஆனால் இவற்றை வெறும் வயிற்றில், ஒரு முழுக் குவளை தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும்; இல்லையெனில் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், மறதிநோயால் மாத்திரையை வாயிலேயே அடக்கிவைத்துக்கொள்பவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்காகவே ஆண்டுக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியும் இருக்கின்றன. எதைத் தொடங்குவதற்கு முன்பும் வைத்தியர் சிறுநீரகத்தின் செயற்பாட்டையும் இரத்தத்தில் உள்ள கல்சியத்தின் அளவையும் பார்ப்பார். டெனோசுமாப் விடயத்தில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. அதை இடையில் நிறுத்தினால் எலும்பு மிக வேகமாகக் கரைந்து, முள்ளெலும்புகள் பல அடுத்தடுத்து நசுங்கும் அபாயம் இருப்பதால், நிறுத்த வேண்டி வந்தால் வேறொரு மருந்தைப் பதிலாகத் தொடங்கியாக வேண்டும். வைத்தியசாலையிலிருந்து இல்லத்துக்கும், ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கும் மாறும் நேரங்களில்தான் இந்த ஊசி தவறிப்போகிறது.

விற்றமின் டி பற்றி எங்கள் ஆட்களிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. “நாங்கள் வெயிலில் வளர்ந்த உடம்பு” என்பார்கள். யாழ்ப்பாணத்து வெயில் ரொறன்ரோவில் கைகொடுக்காது. இங்கே நவம்பர் முதல் பெப்ரவரி வரை அடிக்கும் வெயிலில் தோலால் விற்றமின் டி உருவாக்க முடியாது, அதிலும் கருந்தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். இல்லத்தில் இருப்பவர்கள் கோடையிலும் வெளியே போவது அபூர்வம். உயர் ஆபத்துள்ள இல்லவாசிகளுக்கு நாளொன்றுக்கு 800 முதல் 2,000 அலகு வரை கொடுக்கும்படி அந்தப் பரிந்துரைகள் சொல்கின்றன. பிரான்சில் முதியோர் இல்லங்களிலும் முதியோர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த 3,270 பெண்களிடம் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வில், நாளாந்தம் 800 அலகு விற்றமின் டியும் 1,200 மில்லிகிராம் கல்சியமும் பெற்றவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு 43 வீதம் குறைந்தது. அதற்காக, அள்ளிக் கொடுத்தால் கூடுதல் நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகை ஒரே தடவையில் விழுங்கிய மூதாட்டிகள், அப்படி விழுங்காதவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக முறிவும் கண்டார்கள்.

கல்சியத்தைப் பொறுத்தவரை மாத்திரையைவிடத் தட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவுஸ்திரேலியாவின் 60 பராமரிப்பு இல்லங்களில் 7,000க்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பாதி இல்லங்களில் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பால், தயிர், சீஸ் ஆகியவற்றை உணவில் கூட்டினார்கள். முறிவுகள் மொத்தமாக 33 வீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 வீதமும் குறைந்தன. கல்சியத்தோடு புரதமும் கூடியதை இங்கே கவனிக்க வேண்டும். எங்கள் முதியவர்களோ இல்லத்துச் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு, பால் தேத்தண்ணியோடும் இரண்டு பிஸ்கட்டோடும் நாளைக் கழித்துவிடுகிறார்கள். தேத்தண்ணியில் விடும் இரண்டு கரண்டிப் பாலைப் பாலாகக் கணக்கிட முடியாது. சொதியில் விடும் தேங்காய்ப்பாலும் பெயரளவில்தான் பால்; கல்சியக் கணக்கில் அது சேராது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பிள்ளைகள் தயிர், குரக்கன் கூழ், நன்றாக மசித்த பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன் என்று கொண்டுவந்தால் எனக்குப் பெரும் உதவி. விரத நாட்களை நான் எதிர்ப்பதில்லை. அந்த நாட்களில் பாலும் தயிரும் கூடட்டும் என்று மட்டும் கேட்பேன். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு எதைக் கொடுப்பதற்கு முன்பும் இல்லத்தின் உணவியலாளரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இனி விழுதலுக்கு வருகிறேன். ஈரத் தரையில் வழுக்கி விழுவதுதான் பெரும் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கமரா பொருத்தி, 130 பேர் விழுந்த 227 விழுதல்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். வழுக்கி விழுந்தவை வெறும் 3 வீதம்தான். 41 வீதமானவை, உடலின் பாரத்தைப் பிழையாக மாற்றியதால் நேர்ந்தவை. அதாவது திரும்பும்போதும், எட்டி எடுக்கும்போதும், நாற்காலி இன்னும் வந்து சேராமலே உட்காரும்போதும் நிலை குலைந்து விழுந்தவை. நான் பயிற்றுவதில் பாதி இதுதான்: நாற்காலியின் விளிம்பு இரண்டு கால்களின் பின்புறத்திலும் படும் வரை குந்தக் கூடாது, திரும்பும்போது பாதங்களை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும், இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது. ஒரு நாளைக்குப் பல தடவை, பக்கத்தில் ஆள் நிற்க, நாற்காலியிலிருந்து எழுந்து இருக்கச் செய்வேன். உடற்பயிற்சி மட்டுமே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். மிகப் பலவீனமானவர்களிடம் மற்ற எதையும் திருத்தாமல் பயிற்சியை மட்டும் தொடங்கினால் விழுதல் கூடவும் கூடும். கண்ணாடி, பின்வார் உள்ள செருப்பு, மருந்துகள், கட்டிலின் உயரம் எல்லாவற்றையும் கூடவே சரிபார்த்துக்கொண்டுதான் பயிற்சியைக் கொடுக்க வேண்டும்.

அதற்காக நாற்காலியோடு பட்டி போட்டுக் கட்டிவைப்பது தீர்வல்ல. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உயர்த்தும் தடுப்புகளின் மேலாக ஏறி இறங்க முயல்பவர்கள், வெறுங்கட்டிலிலிருந்து விழுவதைவிடக் கூடிய உயரத்திலிருந்து விழுகிறார்கள். ஒன்ராறியோவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், பணியாளரின் வசதிக்காக எவரையும் கட்டுப்படுத்தி வைப்பதைத் தடைசெய்கிறது. பிள்ளைகளே எழுதிக் கேட்டாலும் அது மாறாது.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மறதிநோய் முற்றும்போது பலருக்குப் பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடும். தமிழ் மட்டும் மிஞ்சும். இரவு இரண்டு மணிக்கு “ஒண்டுக்குப் போகோணும்” என்று ஓர் ஐயா கேட்கிறார். பணியில் இருப்பவருக்கு விளங்கவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போகிறார். பத்து நிமிடத்தில் ஐயா தானே எழும்புகிறார். இப்படியான ஒரு விழுதலுக்குப் பிறகு, “ஒண்டுக்கு”, “ரெண்டுக்கு”, “நோகுது” என்ற மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். பிலிப்பினோ உதவியாளர் ஒருவர் ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாக யாழ்ப்பாணத் தமிழில் கேட்கத் தொடங்கினார். முதியவர் எத்தனை மணிக்கு வழமையாகக் கழிவறை போவார் என்பதைக் குறித்துவைத்து, அதற்குச் சற்று முன்பாகவே கூட்டிப்போவது, விழுந்த பிறகு அலறும் எந்தக் கருவியையும்விட மேல் என்பது என் அனுபவம்.

தூக்க மாத்திரைகள், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் மருந்துகள், இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றைத் தவணைக்குத் தவணை மறுபார்வை செய்யக் கேளுங்கள். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அந்த மருந்துகளை வைத்தியர் மீண்டும் பார்க்க வேண்டும். தாமாக நிறுத்துவது கூடாது.

இடுப்பின் இரு பக்கமும் மெத்தை வைத்துத் தைத்த காப்பு உள்ளாடைகளும் உண்டு. போட்டிருந்தால்தான் பயன். இல்லத்தில் சலவைக்குப் போனால் திரும்பி வர நாளாகும் என்பதால் மூன்று நான்காவது வாங்க வேண்டும். இரவிலும் போட்டிருக்க வேண்டும். “அம்மாவின் இடுப்பு அசிங்கமாகத் தெரிகிறது” என்று ஒரு மகன் கழற்றச் சொன்னார். சேலைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த அம்மாவே அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்.

விழுந்துவிட்டவரை உடனே கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ, தொடையிடுக்கில் நோவு என்றாலோ அசைக்காமல் தாதியை அழைக்க வேண்டும். ஓரிரு அடி நடந்துவிட்டார் என்பதால் முறியவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

இல்லத்தில் சேர்ந்து ஆறு வாரத்துக்குள் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையாவதும், வைத்தியர் முதல் உணவியலாளர் வரை பராமரிப்புக் குழுவினர் குடும்பத்தோடு கூடிப் பேச வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. அந்த அம்மாவின் கூட்டத்தில் மகள் மூன்று கேள்விகள்தான் கேட்டார்: அம்மா உயர் ஆபத்துள்ளவரா, அப்படியென்றால் அவருக்கு என்ன மருந்து, அது யார் பொறுப்பு? டெனோசுமாப் தொடங்கினார்கள். அடுத்த ஊசி ஆறு மாதத்தில். தவறினாலும் ஏழாம் மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தத் திகதி இல்லத்தின் கணினியில் இருக்கிறது. ஆனாலும் மகள், ஸ்காபரோ தமிழ்க் கடை கொடுத்த முருகன் படக் கலண்டரை அம்மாவின் அறையில் மாட்டி, அதில் சிவப்புப் பேனையால் இன்னொரு வட்டமும் போட்டிருக்கிறார்.