ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினேன். முன்பக்க விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது, மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்து மறைந்தது. அவ்வளவுதான். போனில் விவரம் கேட்ட ரிப்பேர்காரர் ஒருவர், பெட்டியைக் கண்ணால் பார்க்காமலேயே "மதர்போர்டு போயிருக்கும் சார், புதுசு போட்டுடலாம்" என்றார். கம்ப்யூட்டரின் பாகங்களையெல்லாம் இணைக்கும் பெரிய அட்டைதான் மதர்போர்டு. அது போகவில்லை. அதைச் சரிசெய்ய எனக்குத் தேவைப்பட்டது ஒரு ரப்பர். அதுவும் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்து எடுத்தது.

ரப்பர் என்ன செய்தது என்று சொல்வதற்கு முன்னால், பட்டனை அழுத்திய முதல் சில நொடிகளில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அந்தப் பட்டன், டியூப் லைட் சுவிட்சைப் போல மின்சாரத்தை இணைப்பதும் துண்டிப்பதும் இல்லை. பிளக் மாட்டியிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட்டை மதர்போர்டுக்குச் சன்னமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால், 'எழுந்திரு' என்று மதர்போர்டுக்கு ஒரு சைகை போகிறது; அது எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் ஏறி நிலைத்த பிறகு, அரை நொடிக்குள் எஸ்.எம்.பி.எஸ். 'மின்சாரம் சரி' என்று ஒரு கம்பி வழியாகத் தகவல் சொல்லும். அந்தத் தகவல் வரும்வரை பிராசஸர் வேலையைத் தொடங்காது.

ஃபேனோ இந்தத் தகவலுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. 12 வோல்ட் ஏறத் தொடங்கியதும் சுற்றிவிடும். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது விதி. 10 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ஃபேன் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டர் எழாமல் போகலாம். "ஃபேன்தான் ஓடுதே, கரண்ட் பிரச்சினை இல்லை" என்று நாம் சொல்வது அதனால் பாதி உண்மைதான். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும். என் பெட்டியில் 11.9 இருந்தது. சரி, எஸ்.எம்.பி.எஸ். நல்லவர்.

அப்புறம் பிராசஸர் கண் விழிக்கிறது. அதன் முதல் வேலை, மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் எழுதியிருக்கும் பயாஸ் என்ற தொடக்கக் கட்டளைகளைப் படிப்பது. இந்தக் கட்டத்தில் ராம், அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், இன்னும் தயாராகியிருக்காது. ஒவ்வொரு ராம் அட்டையிலும் ஒரு பொடி சிப் உண்டு. அட்டையின் அளவும் வேகமும் அதில் எழுதியிருக்கும். பயாஸ் அதைப் படித்து, ராமோடு பேச வேண்டிய வேகத்தை ஒத்திகை பார்த்து அமைக்கிறது. அதுவரை பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே சிலேட்டாக வைத்துக் கணக்குப் போடுகிறது. திரையில் எழுத்து வருவது இதற்கெல்லாம் பிறகுதான். ஆக, ராமில் கோளாறு என்றால் அதைத் திரையில் எழுதிக் காட்டக் கம்ப்யூட்டருக்கு வழியே இல்லை. அதற்காக வைத்ததுதான் பீப் ஒலி.

இப்போது வரும் பல கேபினெட்டுகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கர் கிடையாது. சில புதிய மதர்போர்டுகளில் அதற்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: பிராசஸர், ராம், டிஸ்பிளே, பூட். எதில் வேலை நின்றதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். என்னுடையதில் இரண்டும் இல்லை. பரணில் கிடந்த பழைய கேபினெட்டிலிருந்து ஸ்பீக்கரைப் பிடுங்கி மதர்போர்டில் மாட்டினேன்.

நீண்ட பீப், திரும்பத் திரும்ப. பீப்புகளின் அர்த்தம் பயாஸுக்குப் பயாஸ் மாறும் என்பதால் மதர்போர்டின் கையேட்டைப் பார்ப்பது நல்லது. ஆனால் கையேடு இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராமை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தேன். அதே நீண்ட பீப். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிந்தன. 'ராம் இல்லை' என்று முறையிடுவதற்குப் பிராசஸரும் பயாஸும் மதர்போர்டின் பெரும்பகுதியும் உயிரோடு இருந்தாக வேண்டும். அடுத்தது, ராம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே புகார் என்றால், முன்பு மாட்டியிருந்த ராம் அதன் கண்ணிலேயே படவில்லை.

இங்கேதான் ரப்பர் வருகிறது. டி.டி.ஆர்.4 வகை ராம் அட்டையில் 288 தொடுமுனைகள். செம்பின் மேல் நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. தங்கம் துருப்பிடிக்காதுதான், ஆனால் அவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். தினமும் சூடாகி ஆறும்போது அட்டை இம்மியளவு விரிந்து சுருங்கி, முனையும் ஸ்லாட்டும் உரசிக்கொண்டே இருக்கும். தூசியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து அங்கே ஒரு படலம் படிகிறது. ஃபேனின் பிளக்கில் இப்படி ஒரு படலம் இருந்தால் ஃபேன் கவலைப்படாது. ராம் ஓடுவதோ 1.2 வோல்ட்டில். 2400 வேக அட்டை என்றால் ஒவ்வொரு தகவல் கம்பியிலும் நொடிக்கு 240 கோடி முறை வரை தகவல் மாறுகிறது; ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் அரை நானோ நொடிக்கும் குறைவு. அந்த அவசரத்தில், நகக்கண் அழுக்கு அளவுகூட இல்லாத படலமும் ஒன்றைச் சுழியமாக்கிவிடும்.

மென்மையான வெள்ளை ரப்பரால் முனைகளை லேசாகத் தேய்த்து, துகள்களைத் தட்டி, சுத்தமான துணியால் துடைத்தேன். மணல் கலந்த மை ரப்பர் கூடாது. உப்புத்தாளை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. வெள்ளை ரப்பரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கத்தைத் தின்கிறது, அதனால் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை என்று இதை வழக்கமாக்கிவிட வேண்டாம். ஸ்லாட்டைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று பூட்டு விழும்வரை அட்டையை அழுத்தினேன்.

கை வைப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். நம் விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட்டை ஒட்டினால்தான் நமக்கே சுரீர் என்று தெரியும். சில சிப்புகளுக்குச் சில நூறு வோல்ட்டே போதும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலும் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கியதும் அது போய்விடும் என்று நம்ப முடியாது.

கேபினெட்டைத் தொட்டாலே ஜிவ்வென்று அடிக்கிறதா? எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் அவற்றின் வழியாகக் கேபினெட்டின் உடல் தகடு வீட்டு மின்சாரத்தின் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பட்டனை அழுத்தினேன். ஒற்றைக் குட்டிப் பீப், திரையில் வெளிச்சம். ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டியது. கடிகாரத்தைப் பார்த்தால் 2017 ஜனவரி 1. மதர்போர்டில் நாணயம் போல ஒரு செல் இருக்கும்: சி.ஆர். 2032. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அதுதான் ஓட்டுகிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் 1 வரும். ஒரு துடிப்பு, ஒரு நொடி. செல் எப்போதோ செத்திருந்தும் பிளக்கிலிருந்து வந்த மின்சாரம் அதை மறைத்துவந்திருக்கிறது. நான் பிளக்கைப் பிடுங்கியதும் காலம் 2017க்குப் போய்விட்டது. இணையதளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி உண்டல்லவா? என் கம்ப்யூட்டரின் கணக்கில் அவையெல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. கடைக்குப் போய்ப் புது செல் வாங்கிப் போட்டேன்.

வீட்டில் தொடக் கூடாத இன்னொன்று ஹார்ட் டிஸ்க். அது டக், டக் என்று தாளம் போட ஆரம்பித்தால், அநேகமாக உள்ளே படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கப் பார்க்கச் சேதம் கூடும். அணைத்துவிட்டு, உள்ளே இருப்பது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். கல்யாண போட்டோக்கள் என்றால் தரவு மீட்பவரிடம் நேரே போய்விடலாம்.

அந்தப் பரண் ஸ்பீக்கரை நான் கழற்றவில்லை. "காலங்காத்தால இது வேற காதைக் குத்துது" என்கிறாள் மனைவி. ஒரே ஒரு பீப்தானே.