ஒன்றே முக்கால் அங்குலம்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று எந்த ஊர்த் தெருவிலாவது நின்று சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். மேலே பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கும். அடியில் முதலில் ஒரு மயிரிழை விரிசல், உள்ளே கம்பி ஓடும் திசையிலேயே நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். கொஞ்ச காலத்தில் அந்த விரிசலில் பழுப்புக் கறை இறங்கும். பிறகு ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழ, கம்பி வெளியே தெரியும். நகத்தால் சுரண்டினால் துரு ஏடு ஏடாக உதிரும். எட்டு மில்லி கம்பி என்று காசு கொடுத்து வாங்கியது, ஆறு மில்லிகூடத் தேறாது.

வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுவார். கொத்தனார் உப்புக் காற்றைத் திட்டுவார். இரண்டிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. மீதி, வரைபடம் போட்டவரின் மேசையில் இருக்கிறது.

கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் வடிவமைப்புக்குப் பரிசு வாங்கிய செய்திகள் வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சன்ஷேடுதான் நினைவுக்கு வரும். கடற்கரை விடுதி, கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர், காற்றில் மிதப்பதுபோல் நீளும் மெலிந்த கான்கிரீட் தகடு என்று படத்தில் எல்லாமே அழகு. அந்தத் தகட்டுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் படுத்திருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டா என்பதுதான் என் கேள்வி. இன்னொரு பக்கம், அதே மாணவர்கள் பெருமைப்படத்தக்க வேலையும் செய்கிறார்கள். 1957-இல் தொடங்கிய தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கம் நடத்தும் போட்டிகளில், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் பெயரில் ஒரு கோப்பை உண்டு. பழைய கட்டடங்களை நேரில் போய் அளந்து, வரைந்து, ஆவணப்படுத்துவதற்கான கோப்பை அது. டேப்பும் நோட்டுமாக ஒரு பழைய சுவரோடு நாள்கணக்கில் பழகியவருக்கு, சுவர் எப்படி மூச்சு விடுகிறது, எப்படிச் சாகிறது என்பது வகுப்பறையில் கிடைப்பதைவிட நன்றாகப் புரியும். ராமநாதபுரம் கடற்கரை அதற்கு நல்ல பள்ளிக்கூடம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்புச் சத்து நிறைய வெளிவருகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் ஈரம் கடும் காரத்தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் ஒரு ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இருக்கும்வரை கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

இந்தப் படலத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, காரத்தை 9-க்கும் கீழே இறக்கிவிடும். படலம் கரைந்துபோகும். இது எல்லா ஊரிலும் நடப்பது. இரண்டாவது, கடற்கரைக்கே உரிய எதிரி: உப்பிலுள்ள குளோரைடு. காரம் குறையாமல் இருந்தாலும் இது படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். துளை விழுந்த இடத்தில் இரும்பு கரைந்து எலெக்ட்ரான்களை விடும். அவை கம்பி வழியாகவே பக்கத்துப் பகுதிக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேரும். ஒரு குட்டி பேட்டரி ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதில் மோசமான சங்கதி, குளோரைடு தீர்ந்துபோவதே இல்லை. இரும்பைக் கரைத்துவிட்டு மறுபடி விடுபட்டு, அடுத்த துணுக்கைத் தேடிப் போகும். ஒரு பிடி உப்பு ஒரு பிடி இரும்போடு நின்றுவிடும் என்று கணக்குப் போட முடியாது.

கரைந்த இரும்பு துருவாக மாறும்போது இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவைத் திறன் அழுத்தத் திறனில் பத்தில் ஒரு பங்குதான். எனவே கம்பி நெடுக விரிசல் விழுகிறது. விழுந்த விரிசல் வழியாக மேலும் உப்பும் காற்றும் உள்ளே போகின்றன. அதற்குமேல் வேகம் கூடிவிடும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? அலை உடைகையில் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. பொதுவாகக் கரையிலிருந்து உள்ளே போகப் போக இந்த உப்பு மளமளவென்று குறையும். ஆனால் பாம்பன் தீவு ஒடுக்கமானது. தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா உப்பு வரும், வாடை திரும்பினால் பாக் விரிகுடா உப்பு வரும். ஆண்டு முழுக்க ஒதுங்கி நிற்கும் சுவர் என்று ஒன்று இங்கே கிடையாது. மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதங்களில் படிந்த உப்பைக் கழுவ ஆளில்லை. சன்ஷேடின் அடிப்பக்கத்தில் அந்த மழையும் படாது. மேல்பக்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது குளிக்கிறது, அடிப்பக்கம் குளிப்பதே இல்லை. முதலில் அங்கே பெயர்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீர்த்துவிடும், குறைந்தால் மறுபடி படிகமாகும். கடற்கரையில் ராத்திரி அந்த அளவைத் தாண்டுவதும் பகலில் அதற்குக் கீழே இறங்குவதும் சகஜம். சுவரில் ஒட்டிய உப்பு ராத்திரியில் கரைந்து உள்ளே நகர்கிறது, பகலில் அங்கேயே உறைகிறது.

காற்றுக்காகக் காத்திருக்காமல் நாமே உப்பைப் போடுவதும் நடக்கிறது. குடிக்கக் காவிரித் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊரில், கலவைக்கு யார் நல்ல தண்ணீர் வாங்குவார்கள்? போர் தண்ணீர்தான். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. இந்த வித்தியாசமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: உப்புக்குக் கான்கிரீட்மேல் கோபமில்லை, இரும்பின்மேல்தான்.

அதே ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறது. இதைத்தான் வேலையிடத்தில் கவர் என்கிறோம். உள்நாட்டில், வெயில் மழை படாத இடத்தில் 20 மில்லி போதும். கடலோரக் காற்று படும் இடத்தில் 45. அலைத்துளி நேராகத் தெறித்தால் 50. ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் 75. கான்கிரீட்டின் தரமும் அப்படியே எம் 20-இலிருந்து எம் 30, 35, 40 என்று ஏறும்; எண் கூடக் கூட வலிமை கூடும்.

இருபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவுவது பரவல் முறையில். பரவலில் தூரம் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 45-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: ஐந்துக்குச் சற்றே மேல். 20 மில்லி ஆழத்துக்கு உப்பு போய்ச்சேரப் பத்து வருடம் என்றால், அதே கான்கிரீட்டில் 45 மில்லிக்கு ஐம்பது வருடம். கூடுதலாகப் போட்டது ஒரு அங்குலம் கான்கிரீட், கிடைத்தது ஒரு தலைமுறை.

இந்த 45 மில்லியை, அதாவது ஒன்றே முக்கால் அங்குலத்தைக் காப்பது கவர் பிளாக் என்ற சின்னச் சிமெண்ட் கட்டி. கம்பிக்கு அடியில் அதை வைத்து, சென்ட்ரிங் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். அது வந்து சேராத வேலையிடத்தில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, கவர் பிளாக் வரலையா?"

"ஒரு ஜல்லியை எடுத்துக் கம்பிக்கு அடியில கொடும்மா. அது போதும்."

போதாது. முக்கால் இஞ்சு ஜல்லி வெறும் 20 மில்லி. அதுவும் ஆள் நடக்கும்போது உருண்டு போய்விடும், கம்பி பலகையில் படுத்துக்கொள்ளும். அந்தக் கொத்தனாரைக் குறை சொல்வதற்கு முன், வரைபடத்தில் கவர் எத்தனை என்று எழுதியிருந்ததா என்று பார்க்க வேண்டும். எழுதினாலும் மூன்று அங்குலக் கனத்தில் சன்ஷேடு வரைந்துவிட்டு, மேலும் கீழும் 45 மில்லி விடு என்றால் கம்பி எங்கே போகும்? மெலிந்த தகடு வேண்டும் என்று முடிவெடுத்த நிமிடமே அதன் ஆயுளும் முடிவாகிவிட்டது. உப்பைத் தடுப்பது வடிவத்தைப் பற்றிய முடிவும்கூட என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது தனுஷ்கோடிக்குப் போவோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் போனது. கூரை எல்லாம் போய்விட்ட தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்து, உள்ளேயிருக்கும் பவளக்கல் தேன்கூடுபோல் கண் கண்ணாகத் தெரிகிறது. அறுபது வருட உப்புக் காற்று, ஒரு கரண்டிப் பராமரிப்புகூடக் கிடையாது. இதுபோல் நிற்காமல் விழுந்த சுவர்களும் ஏராளம், மிஞ்சியதை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. ஆனாலும் மிஞ்சியதற்குக் காரணம் இருக்கிறது.

பவளக்கல், சிப்பி, கிளிஞ்சல் எல்லாமே கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்து, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுவரில் வைத்தபின், அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எது சாவோ, அதுவே சுண்ணாம்புக் காரைக்கு உயிர். உள்ளே இரும்பும் இல்லை என்பதால், குளோரைடு வந்தாலும் தின்பதற்கு ஒன்றும் கிடைக்காது.

உப்புப் படிகம் காரையையும் அரிக்கத்தான் செய்யும். ஆனால் காரைப் பூச்சு துளைகள் நிறைந்தது, ஈரம் அதன் வழியாக வெளியேறும், உப்பு வெளிப்பரப்பில் பூத்து உதிரும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வெள்ளையடித்தது வெறும் அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உதிர்ந்த தோலுக்குப் பதில் புதுத் தோல் அது. இந்தச் சுவரின்மேல் 'பலமாக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும், உப்பு உள்ளே படிகமாகிக் கல்லையே பிளக்கும். பழைய வீடுகளுக்குப் பாசத்தோடு செய்யப்படும் கெடுதல்களில் இதுதான் முதலிடம்.

பவளக்கல்லுக்குத் திரும்பலாமா என்றால், கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கல் வெட்டியதில் கடல் பட்ட பாடு போதும். 1986-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று, 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பும் வந்தது. சுண்ணாம்பை வைத்து நாலு மாடி கட்டவும் முடியாது. கடலோரத்துக்கு இன்றைய விடைகள் வேறு. இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட் குளோரைடைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும், துளைகளையும் சிறிதாக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் உண்டு. பாலத்துக்குக் கட்டுபடியாகும், நம் வீட்டுக்கு ஆகாது.

வீட்டுக்குச் செய்யக்கூடியது எளிது. பெயர்ந்த இடத்தில் புதிதாக உடைத்த பரப்பில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சிய பகுதி சட்டென்று ரோஜா நிறமாகும், செத்த பகுதி நிறம் மாறாது. கம்பி இருப்பது ரோஜாப் பகுதியிலா வெளியிலா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ரோஜா நிறத்துக்குள்ளேயே கம்பி துருப்பிடித்திருந்தால் குற்றவாளி குளோரைடு. மற்ற இடங்களைச் சுத்தியலால் தட்டுங்கள், பொத்தென்று கேட்டால் உள்ளே பிளந்துவிட்டது.

விழுந்த இடத்தில் மட்டும் சிமெண்டை அப்பி மூடினால் இரண்டொரு வருடத்தில் அதன் ஓரத்தில் புது விரிசல் வரும். புதுக் கலவைக்குள் கம்பி பத்திரமாகிவிடுவதால் அது பேட்டரியின் கரையாத முனையான கேத்தோடு ஆகிறது, பக்கத்தில் உப்பு ஊறிய பழைய பகுதி கரையும் முனையான ஆனோடாகி முன்பைவிட வேகமாகக் கரைகிறது. கம்பிக்குப் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்கு, துரு இல்லாத கம்பி தெரியும்வரை இரு பக்கமும் வெட்ட வேண்டும். கம்பியைப் பளபளவென்று தேய்த்து, கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, நல்ல தண்ணீரில் கலந்த கலவையால் மூட வேண்டும். சன்ஷேடு முழுக்கப் பொத்தென்று கேட்டால் செலவழிக்காதீர்கள், இறக்கிவிடுங்கள். அதே இடத்தில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் நீட்டி ஓடு போட்டால் வெயிலும் மறையும், மழையும் மறையும், உப்புக்கும் அங்கே வேலை இருக்காது. ஆணி மட்டும் துருப்பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.