டொலுயீன் பேரலுக்கு எந்த பம்ப்?

சேஃப்டி ஆடிட்டுக்குப் போகும் சின்ன பெயின்ட் யூனிட்டுகளிலும் அச்சகங்களிலும் அடிக்கடி பார்க்கிறேன்: பெயின்டையும் மையையும் கரைக்கப் பயன்படும், எளிதில் தீப்பற்றும் திரவமான டொலுயீனின் 200 லிட்டர் பேரலில் ஒரு பிளாஸ்டிக் கைப்பம்ப், கீழே ஒரு பிளாஸ்டிக் கேன். "கரண்டே இல்லையே சார், பொறி எங்கிருந்து வரும்?" என்று ஸ்டோர்காரர் கேட்பார்.

குழாயில் ஓடும்போதே டொலுயீனில் நிலைமின்சாரம் ஏறுகிறது. டொலுயீனும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, பிளாஸ்டிக்கும் கடத்தாது. ஏறிய சார்ஜ் கேனிலேயே தேங்கும். டொலுயீன் ஆவி பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் ஆற்றலுள்ள பொறி போதும். விரலில் சுரீர் என்று படும் பொறியே அதைவிடப் பெரியது.

அசிட்டோன் என்ற இன்னொரு கரைப்பான்தான் ஆபத்து, டொலுயீன் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை வேறு. வெளியே சிந்தினால் அசிட்டோன் பொல்லாததுதான். ஆனால் மூடிய பேரலுக்குள் அதன் ஆவி அளவுக்கு மீறி அடர்ந்திருப்பதால் பெரும்பாலும் பற்றாது. டொலுயீனோ நம் ஊர் அறை வெப்பத்தில் சரியாகப் பற்றும் அளவிலேயே நிற்கும்.

சரி, எதை வாங்குவது? துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய், கம்ப்ரஸர் காற்றில் ஓடும் மோட்டார். கம்ப்ரஸர் இல்லையென்றால் எஃப்.எல்.பி மோட்டார், அதாவது உள்ளே பற்றினாலும் தீ வெளியே வராத கூட்டில் அடைத்த மின்மோட்டார். அதில் ஒரு சிக்கல்: மோட்டாருக்குச் சான்றிதழ் இருக்கும், பேரலுக்குள் இறங்கும் குழாய்க்கு இருக்காது. ஆவி எப்போதும் நிற்கிற இடம் அதுதான், இரண்டுக்கும் கேளுங்கள். சீல் டெஃப்லானாக இருக்கட்டும். நைட்ரைல் ரப்பர் டொலுயீனில் ஊதிப்போகும். கம்ப்ரஸர் காற்றைப் பேரலுக்குள்ளேயே ஏற்றித் தள்ளுவதை மட்டும் செய்யவே வேண்டாம். பேரல் அழுத்தம் தாங்கும் பாத்திரம் அல்ல.

எவ்வளவு நல்ல பம்பும் எர்த் இல்லாமல் வீண். பேரல், பம்ப், கேன் மூன்றும் வயரால் இணைந்து எர்த்துக்குப் போக வேண்டும். ஹோஸும் மின்சாரம் கடத்தும் ரகமாக இருக்க வேண்டும். கிளாம்பைப் பெயின்ட் மேல் மாட்டிவிட்டு 'எர்த் போட்டாச்சு' என்பார்கள். அதன் பல் பெயின்டைக் கீறி இரும்பைக் கடிக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பாருங்கள், 10 ஓமுக்குள் வர வேண்டும். பிளாஸ்டிக் கேனுக்கு எந்தக் கிளாம்பும் உதவாது, இரும்புக் கேன்தான். குழாய் முனை கேனின் அடியைத் தொடட்டும். மேலிருந்து ஊற்றினால் சிதறலிலேயே சார்ஜ் கூடும்.

அப்புறம், ஆர்டரில் 'பேரல் பம்ப் - 1' என்று மட்டும் எழுதினால் கடையில் மலிவாக இருப்பதுதான் வரும். திரவத்தின் பெயர், குழாயின் உலோகம், சீல், எர்த் வயர், சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.