முக்கோண மலை எங்கிருந்து வந்தது?

இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை, மேலே ஆங்கில ‘வி’ போல நாலு பறவை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என எந்த ஊர் ஓவியப் போட்டியில் தாள்களைப் பிரித்தாலும் இந்த ‘சீனரி’தான் வந்து விழுகிறது. கண்மாயும் பனையும் பொட்டலுமாய்க் கிடக்கிற சீமை இது. இங்கே இருக்கிற குன்றக்குடிக் குன்றுகூட உருண்ட பாறைதான், முக்கோணம் இல்லை. அந்த மலையைப் பிள்ளைக்குக் கொடுத்தது பெரியவர் கை. இந்த வருடமும் பரிசு அதற்கே போனது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

“பிள்ளைக்குச் சரியா வரைய வரல, நீங்கதான் கை பிடிச்சுச் சொல்லிக் கொடுக்கணும்” என்று நாலு வயதுக் குழந்தையை என்னிடம் கூட்டி வருகிறார்கள். அந்த வயதில் ‘சரி’ என்று ஒன்று கிடையாது. ஒன்றரை வயதை ஒட்டித் தொடங்கும் கிறுக்கல், மூன்று வயதுவாக்கில் மூடிய வட்டமாகிறது. அதன்பின் வட்டத்திலிருந்தே கால் முளைத்த மனிதன் வருவான், உடம்பு இருக்காது. குழந்தைக்குக் கண்ணில் கோளாறு என்று பதறாதீர்கள். உலகெங்கும் குழந்தைகள் அப்படித்தான் வரைகிறார்கள். ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் தரைக்கோடும் உச்சியில் நீலப் பட்டையாக வானமும் வரும், நடுவில் ஒன்றும் இருக்காது. “வானம் தரை வரைக்கும் இருக்கும்டா” என்று திருத்தாதீர்கள். அப்பா தலைக்கு மேலேதான் வானம் என்று அவன் நினைப்பது அவனுடைய கணக்கு, காலப்போக்கில் அவனே மாற்றிக்கொள்வான். நீங்கள் கை பிடித்துப் போடும் உடம்பு அவன் கண்ணில் இறங்காது. ‘என்னால் முடியாது, அம்மா போட்டுத் தா’ என்பது மட்டும் நன்றாக இறங்கும். ஏழெட்டு வயதில் பென்சிலைத் தொடவே மறுக்கிற பிள்ளைகளில் பலர் இப்படி உருவானவர்கள்தான்.

அடுத்த தொல்லை பொது அறிவு. “மோனலிசா வரைந்தது யார்? டாவின்சி!” என்று வந்தவர் முன்னால் ஒப்பிக்க வைப்பது. படத்தைக் குழந்தை பார்த்ததே இல்லை, பார்த்திருந்தாலும் போனில் கட்டைவிரல் அளவில். மோனலிசாவின் உண்மை அளவு 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். வளவுத் தரையில் சாக்பீஸால் அந்தச் செவ்வகத்தைப் போடுங்கள். பக்கத்திலேயே பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘நத்தை’ என்ற படத்தின் அளவையும் போடுங்கள். 1953-இல் செய்தது, லண்டனில் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 2.87 மீட்டர். ஒன்றில் குழந்தை உட்காரலாம், மற்றதில் தெருப்பிள்ளைகள் எல்லோரும் படுத்துப் புரளலாம். பெயர் அப்புறம் வரட்டும்.

மத்தீஸ் சிறு பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். 1941-இல் அறுவை சிகிச்சைக்குப் பின் நின்று வரைய முடியாத நிலையில், வண்ணம் பூசிய தாளைக் கத்தரியால் வெட்டியே படம் செய்தவர் அவர். வீட்டிலும் செய்யலாம். ஜெராக்ஸ் எடுக்கும் மெல்லிய ஏ4 தாள் வேண்டாம், ஈரத்தில் சுருண்டுவிடும். 120 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தடித்த தாளில் போஸ்டர் கலரைத் தயிர்ப்பதத்தில் கரைத்து, தாளுக்கு ஒரே நிறமாகப் பூசச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்தபின் முனை மழுங்கிய கத்தரி. முன்கூட்டியே வட்டமும் பூவும் நீங்களே வெட்டிக் கொடுத்தால் வேலை அங்கேயே கெட்டது.

வான்கோ என்றதும் காது அறுத்த கதையை எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து வேண்டாம். கதை ஒட்டிக்கொள்ளும், படம் மறந்துபோகும். ‘விண்மீன் இரவு’ 1889 ஜூனில், அவர் தங்கியிருந்த மனநல மருத்துவ இல்லத்தின் சன்னலிலிருந்து கண்டதை வைத்து வரைந்தது. ஆனால் அதிலுள்ள ஊர் அந்தச் சன்னலிலிருந்து தெரியாது, அவர் சேர்த்துக்கொண்டது. சன்னல் வழி தெரிவதை அப்படியே போடாத ஆளைப் பெரிய ஓவியர் என்கிறோம், பிள்ளை பச்சைச் சூரியன் போட்டால் அடிக்கிறோம். அந்தப் படத்தைக் காட்டி “தூரிகை எந்தப் பக்கம் போயிருக்கு?” என்று கேட்டு விரலால் காற்றில் போகச் சொல்லுங்கள். நாலு வயதுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். “என்ன நடக்குது?” “எதைப் பாத்து அப்படிச் சொல்றே?” இந்த இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். “அழகா இருக்கா?” என்றால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

இதற்கெல்லாம் லண்டனும் பாரிசும் போக வேண்டியதில்லை. பூ வேலை போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வீடாக இருந்தால், நாலு கல் சேர்ந்து ஒரு பூவாகும் இடத்தில் ஒரு கல்லைச் செய்தித்தாளால் மூடிவிட்டு, அடியில் என்ன இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். அந்தக் கல்லைக் கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றித்தான் செய்கிறார்கள், பளபளப்பு கண்ணாடி தந்தது. வழவழப்பாக இருப்பதால் தாள் வைத்துக் கிரேயான் தேய்த்தால் ஒன்றும் விழாது. தேய்த்தெடுக்க ஓலையில் முடைந்த கூடை, நம் கொட்டான்தான் சரி, பின்னல் அப்படியே வரும். பழைய சுவரிலும் கதவுச் செதுக்கலிலும் தேய்க்க விடாதீர்கள், மெழுகு எளிதில் போகாது. முகப்பில் ரவிவர்மா படம் மாட்டியிருந்தால் பூதக்கண்ணாடி கொடுங்கள். அவர் 1894-இல் அச்சகம் தொடங்கிய பிறகுதான் அந்தப் படங்கள் வீடுவீடாகப் போயின. கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சுப் படமாக இருந்தால் லட்சுமியின் கன்னம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அப்பத்தா நடுவீட்டுக் கோலம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், போனைப் பிடுங்கிவிட்டு.

புதுக்கோட்டைப் பக்கம், பழைய சமண ஓவியங்கள் இருக்கிற சித்தன்னவாசலுக்குக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகை பிறகு, ஓவியம் இருக்கிற குடைவரையான அறிவர் கோயில் முதலில். விதானத்துத் தாமரைக் குளம் மங்கலாகிவிட்டது, சும்மா நிமிர்ந்தால் குழந்தைக்கு ஒன்றும் புலப்படாது. முந்தின நாளே தெளிவான படத்தைக் காட்டி மீன், வாத்து, யானை, எருமை, பூப் பறிக்கும் ஆள் என்று தேட விட்டுக் கூட்டிப் போனால் அங்கே தானே கண்டுபிடிக்கும். பிளாஷ் போடாதீர்கள், சுவரைத் தொட விடாதீர்கள்.

ஏழு வயதுக்குள் போட்டி வேண்டாம். கலரிங் புத்தகம் பஸ் பயணத்துக்கு இருக்கட்டும், ஓவியம் என்று சொல்லாதீர்கள். வாங்குவதானால் தடித்த கிரேயான், 8-ஆம் எண்ணுக்குக் குறையாத தூரிகை, ஏ3 தாள். குழந்தை முடித்ததும் “இது என்ன?” என்று கேட்காமல் “சொல்லு” என்று மட்டும் சொல்லி, அது சொன்னதைத் தேதியோடு பின்பக்கம் பென்சிலில் எழுதி வையுங்கள். மைப்பேனா வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்.