படமாளிகையை ஏன் அரங்கு ஆக்குகிறீர்கள்?

யாழ்ப்பாணத்துப் பழைய தியேட்டர்களைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைப் போன கிழமை தங்கையின் மகன் கொண்டுவந்து காட்டினான். இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "மாமா, வின்சரில நாடகமோ போட்டவை?" என்று கேட்டான். அவனில் பிழை சொல்ல முடியாது. வின்சர், வெலிங்டன், ரீகல் எல்லாமே படம் ஓட்டிய தியேட்டர்கள், ஆனால் அந்தக் கட்டுரையில் 'நாடக அரங்குகள்' என்றுதான் இருந்தன. இரண்டு பந்தி தள்ளி 'நாடக' கழன்று வெறும் 'அரங்குகள்' ஆகி, கடைசியில் 'அரங்குகள் ஒவ்வொன்றாக மூடுவிழா கண்டன' என்று கட்டுரை முடிந்திருந்தது. இந்தப் பிழையை இந்த வருடத்தில் மட்டும் நாலாவது தடவையாகப் பார்க்கிறேன்.

தியேட்டர் கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல். மூலச் சொல் 'தெயாத்ரொன்'. பார்க்கும் இடம் என்று பொருள். மலைச்சரிவில் சனம் இருந்து பார்த்த பகுதிக்குத்தான் அந்தப் பெயர். நடிகர்களுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு 'ஸ்கேனே' என்று வேறு பெயர் இருந்தது. நம் ஊரில் சிலர் இதைத் 'தியேற்றர்' என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி.

இனி அரங்கு. மொழிபெயர்க்கிறவர்கள் தியேட்டரைக் கண்டதும் யோசிக்காமல் போடுகிற சொல் இது. நல்ல தமிழ்ச்சொல், பழைய சொல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆடுகிறவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அளவே கொடுத்திருக்கிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒரு கோல் என்பது 24 விரல். மாதவி ஏறி ஆடிய மேடையின் அளவு அது. தியேட்டரில் திரைக்குக் கிட்ட உள்ள கலரியின் முன்வரிசைச் சனத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. கிரேக்கச் சொல் பார்வையாளர் இருந்த சரிவைச் சொல்ல, நம் சொல் எதிர்ப்பக்கத்து மேடையைச் சொல்கிறது. பிற்காலத்தில் அரங்கு விரிந்து மண்டபம் முழுவதையும் குறிக்கத் தொடங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சொற்கள் அப்படி விரியும்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

இங்கே அரங்கு என்றால் நாடகம். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய அமைப்பின் பெயரே நாடக அரங்கக் கல்லூரி. பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் படிக்கிற பாடம் நாடகமும் அரங்கியலும். அங்கேயே கைலாசபதி கலையரங்கு இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைக்கும் 'அரங்க வரலாறு' என்றால் கூத்தில் தொடங்கும் வரலாறு என்று தெரியும். இந்த ஊரில் இருந்துகொண்டு ரீகலையும் ராணியையும் 'அரங்குகள்' என்று எழுதினால் இரண்டு வரலாறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். நாளைக்கு ஒரு பிள்ளை ஆய்வுக்குத் தேடும்போது 'மூடப்பட்ட அரங்குகள்' என்று கண்டு, எங்கள் நாடக இயக்கமே படுத்துவிட்டது என்று எழுதிவைக்கும். சண்டை நடந்த காலத்திலும் நாடகம் நிற்கவில்லை. நின்றது படம்தான்.

அந்தக் காலத்து ஆட்கள் இந்த வேறுபாட்டை வடிவாக வைத்திருந்தார்கள். நாடகத்துக்குப் போகிறவர் வீரசிங்கம் மண்டபத்துக்குப் போகிறேன் என்பார். கூத்து என்றால் கோயில் வீதி. தியேட்டருக்குப் போகிறேன் என்றால் படம், வேறு பொருளே இல்லை. சிற்றம்பலம் ஏ. கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ் கொம்பனி செய்ததும் படத்தொழில்தான். ஆகவே இலங்கைத் தமிழில் இந்தச் சொல் பொருள் சுருங்கி நின்று நெடுங்காலமாகிறது. ஆங்கில அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துப் போடுகிறவருக்கு இது தெரியாது. தெருவில் இறங்கி ஒரு கடைக்காரரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சரி, 'திரையரங்கு' என்று போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஊன்றிய சொல், குழப்பம் இல்லை, முழுதாக எழுதும்வரை எனக்கும் பெரிய சண்டை இல்லை. ஆனால் யாரும் அதை முழுதாக வைத்திருப்பதில்லை. இரண்டாவது வரியிலேயே திரை கிழிந்து அரங்கு மட்டும் மிஞ்சும், பழைய குழப்பம் திரும்பவும் வரும். அதோடு, நம்மிடம் சொல் இல்லை என்றால் இரவல் வாங்கலாம். நம்மிடம் 'படமாளிகை' இருக்கிறது. இலங்கைப் பத்திரிகைகளில் விளம்பரத்திலும் செய்தியிலும் ஓடிய சொல். மாளிகை வடமொழிச் சாயல் உள்ளது என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு முதலில் தெளிவு, பிறகுதான் தூய்மை. இன்னொன்றும் உண்டு. படம் என்ற சொல்லுக்குத் துணி, சீலை என்பதும் பழைய பொருள். சீலையில் எழுதியதால்தான் சித்திரத்துக்கே படம் என்று பெயர் வந்தது. ஆகவே வெள்ளைத் திரையும் அதில் விழுகிற உருவமும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. தனியாகத் 'திரை' ஒன்று ஒட்டத் தேவையில்லை. முக்கியமாக, மாளிகை என்பது ஆட்கள் உள்ளே போய் இருக்கிற கட்டடம். கிரேக்கன் சொன்ன பார்க்கும் இடத்துக்கு மேடையைவிட அதுவே கிட்டம்.

தியேட்டரைப் பற்றி யார் கதைத்தாலும் கதை எங்கே இருந்து பார்த்தேன் என்றுதான் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். கலரியா, பல்கனியா? எழுபதுகளின் கடைசியில் நான் கலரி. முதல் வரிசையில் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தால், கதாநாயகனின் முகம் நாடியில் தொடங்கி மேலே எங்கேயோ போகும். இடைவேளைக்கு வாங்கிய கச்சானின் கோது காலுக்குக் கீழே நொறுங்கிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேலே போகிற வெளிச்சக் கற்றைக்குள் சுருட்டுப் புகை சுழலும். இதில் எதுவும் மேடை சம்பந்தப்பட்டதல்ல.

'மூடுவிழா'வுக்கு வருகிறேன். திறப்புவிழாவுக்கு எதிராக யாரோ பகிடியாகக் கட்டிய சொல். இப்போது பகிடி போய்ச் செய்தித்தமிழாகிவிட்டது. எங்கள் படமாளிகைகளுக்கு என்ன விழா நடந்தது? 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை வந்தது. கோட்டை முற்றுகையும் குண்டுவீச்சும் நகரின் அந்தப் பக்கத்தையே சிதைத்தன. ரீகல் இருந்தது அந்தப் பக்கம். 1995 ஒக்ரோபர் 30 இரவு இராணுவம் நெருங்கி, சனம் யாழ்ப்பாணத்தைவிட்டு ஒட்டுமொத்தமாக வெளிக்கிட்டபோது, வீட்டைப் பூட்டிய கையோடு கடையையும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு நடந்தது. ஸ்ரான்லி வீதி ஸ்ரீதர் படமாளிகை பிறகு ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமானது. ராஜா படமாளிகை மறுபடி திறந்து படம் ஓட்டியது. ஒன்று சிதைந்தது, ஒன்று கைமாறியது, ஒன்று பூட்டிக்கிடந்து திறந்தது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனி வினை இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரு விழாவுக்குள் தள்ளுவது சோம்பல். அந்தச் சோம்பலால் யார் மூடினார்கள், எது மூடியது என்ற கேள்வியே காணாமல் போகிறது. கட்டுரை எழுதியவர் அதைத்தான் எழுத வந்திருப்பார், மொழிபெயர்ப்பில் அது போய்விட்டது.

தியேட்டர் என்ற இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நம் ஆட்கள் வேறு இடங்களில் கவனமாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அது சத்திரசிகிச்சைக்கூடம். அங்கே யாரும் சிகிச்சை அரங்கு என்று எழுதிப் பலகை மாட்டவில்லை. சண்டையைப் பற்றி வரும்போது அது போர்முனை, போர்க்களம். இதையும் 'போர் அரங்கு' ஆக்குகிற பழக்கம் இப்போது தொடங்கியிருக்கிறது.

மருமகனுக்கு அந்த இரண்டு பக்கத்திலும் பேனையால் திருத்திக் கொடுத்தேன். பதினொரு இடத்தில் அரங்கை வெட்டிப் படமாளிகை என்று எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது இடத்தில் மட்டும் தொடவில்லை, அது உண்மையாகவே ஒரு நாடகத்தைப் பற்றிய வரி.